சாண்டோஸ் சொன்னது சரிதான், இருந்தாலும்...

'தி பிட்' என்கிற அமெரிக்க மருத்துவமனைத் தொடரின் முதல் சீசனில் பத்தாவது எபிசோடைப் பார்த்து முடித்த ராத்திரி எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மருந்து திருடியவன் லாங்டன். கோபம் வந்ததோ, அதைக் கண்டுபிடித்துச் சொன்ன புது டாக்டர் சாண்டோஸ் மேல். "வேலைக்கு வந்த முதல் நாளே இவளுக்கு எதுக்கு இதெல்லாம்? நல்ல டாக்டர் ஒருத்தனோட வாழ்க்கையையே கெடுத்துட்டாளே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள். என் பக்கம் திரும்பி, "லூயியோட மாத்திரைடி அது" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு மறுநாள் காலை ட்யூட்டி. எழுந்து போய்ப் படுத்துவிட்டாள்.

அந்த ஒரு வரி எனக்குள் இறங்கப் பல நாள் ஆனது. இறங்கிய பிறகு வேறு ஒரு பழைய விஷயத்தையும் கிளறிவிட்டது. அதையெல்லாம் எழுதிப் பார்த்துவிடலாம் என்றுதான் இந்தக் கட்டுரை. தொடரை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது, முக்கியமான திருப்பங்கள் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன்.

இந்தத் தொடரின் அமைப்பே நம்மை ஆட்களைப் பற்றி அவசரமாக முடிவெடுக்க வைக்கிறது. பிட்ஸ்பர்க் மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் காலை 7 மணிக்கு ஆரம்பித்து ராத்திரி 10 மணிக்கு முடிகிற ஒரே ஒரு நாள். 15 எபிசோடுகள், எபிசோடுக்கு ஒரு மணி நேரம். யாருடைய வீட்டுக்கும் நாம் போவதில்லை. யாருடைய சின்ன வயதையும் பார்ப்பதில்லை. ஒருவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு நம் கையில் இருப்பது அவர் அன்றைக்கு அந்தக் கட்டடத்துக்குள் பேசியதும் செய்ததும் மட்டும்தான். யோசித்தால், நம்மோடு வேலை செய்பவர்களை நாம் அறிந்து வைத்திருப்பதும் இந்த அளவுதான். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2025 ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் வரை தொடர் வாராவாரம் வந்தது. வேலைக்கு வந்த முதல் நாளில் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த சாண்டோஸுக்கு அந்தப் பத்து எபிசோடும் பத்து மணி நேரம்கூட இல்லை. எங்களுக்கு அது இரண்டு மாதம். ஒருத்தியைப் பிடிக்காமல் போவதற்கு இரண்டு மாதம் தாராளமாகப் போதும்.

பிடிக்காமல் போக அவள் காரணமும் கொடுத்தாள், அதை மறைக்கத் தேவையில்லை. ஆளுக்கு ஒரு பட்டப்பெயர். மயங்கி விழுந்த மருத்துவ மாணவி ஜவாடிக்கு 'கிராஷ்', கிராமத்திலிருந்து வந்த மாணவன் விட்டேகருக்கு 'ஹக்கிள்பெரி'. கேட்காமலே சிகிச்சையில் இறங்குவாள். அறுவை சிகிச்சை டாக்டர் கார்சியாவின் காலில் கத்தியை நழுவவிட்டாள். தன்னோடு சேர்ந்த புதியவர்களிடம் எல்லாம் தெரிந்தவள் மாதிரி நடந்துகொண்டாள். லாங்டன் நேரெதிர். வேகமானவன், கலகலப்பானவன், கைதேர்ந்தவன் என்று சொல்லும்படி வேலை செய்பவன். மெல் கிங் என்கிற புதிய டாக்டரிடம் அவன் காட்டிய பொறுமையைப் பார்த்துதான் எனக்கு அவன் மேல் அவ்வளவு பிரியம் வந்தது. கூச்சத்தோடு, எதையும் கொஞ்சம் வேறு மாதிரி செய்கிற பெண் அவள். அவளுடைய திறமையை முதலில் கண்டுகொண்டவன் அவன். அவளை ஒரு சொல்லும் சுடாமல் வழிநடத்தினான். எனக்கு இப்படி ஒரு சீனியர் வாய்த்திருந்தால் என்று நினைக்காத எபிசோடே கிடையாது.

எங்கள் தோழிகளில் ஐந்தாறு பேர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லோருக்கும் இதே நிலைதான். சாண்டோஸ் திரையில் வந்தாலே ஒரு சலிப்பு.

திறக்க மறுத்த மூடி

அவளுக்குச் சந்தேகம் வந்த விதத்தைப் பிறகு இரண்டாவது முறை பார்த்தேன். அதில் பெரிய துப்பறியும் வேலை எதுவும் இல்லை. வலிப்பை நிறுத்தக் கொடுக்கிற லோரசெபாம் மருந்துக் குப்பி ஒன்றின் மூடி சரியில்லை என்று அவள் கைக்குப் படுகிறது. அவ்வளவுதான். அந்த மருந்துக்கும் லாங்டனுக்கும் தொடர்பு இருக்குமோ என்று மெல்ல மெல்ல அவளுக்குத் தோன்றுகிறது. இடையில் எல்லோர் முன்னாலும் லாங்டன் அவளைக் கத்தித் தீர்க்கிறான். முதல் முறை பார்த்தபோது "இப்பவாவது இவளுக்கு யாராவது சொன்னாங்களே" என்றுதான் நினைத்தேன். இரண்டாவது முறை அந்தக் காட்சியைப் பார்க்க எனக்கு முடியவில்லை. நடுங்கிக்கொண்டே கத்துகிறான் அவன். பயந்துபோனவன் கத்துகிற கத்தல் அது. அதைக் கண்டிப்பான ஆசிரியரின் கோபம் என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் லூயி. அடிக்கடி அந்தப் பிரிவுக்கு வந்துபோகிற குடிநோயாளி, நல்ல மனுஷன், எல்லோருக்கும் தெரிந்தவர். அவருக்கு லிப்ரியம் எழுதிக் கொடுக்கிறார்கள். அந்த மாத்திரைகளில் ஒரு பங்கு லாங்டன் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சாண்டோஸ் முதலில் கார்சியாவிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்க்கிறாள், அங்கே ஆதரவு கிடைக்கவில்லை. கடைசியில் விஷயம் அந்தப் பிரிவின் தலைமை டாக்டர் ராபியிடம் போகிறது. ராபி லாங்டனிடம் லாக்கரைத் திறக்கச் சொல்கிறார். அந்த இடத்தில் லாங்டன் முகத்தில் சிரிப்பும் மறுப்பும் கெஞ்சலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும். லாக்கரில் மாத்திரைகள் இருக்கின்றன. முதுகுவலி, நானே குறைத்துக்கொண்டு வருகிறேன், எனக்கு அடிமைத்தனம் எல்லாம் இல்லை என்கிறான். ராபி அவனை வீட்டுக்கு அனுப்புகிறார். நான் அழுதேன். முழுக்க முழுக்க அவனுக்காக.

அக்கா இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருக்கிறாள். இந்தத் தொடரை அவள் பார்ப்பதே டேனாவுக்காக. அந்தப் பிரிவையே தாங்கி நிற்கிற மூத்த நர்ஸ் டேனா. அதில் நடித்த கேத்தரின் லனாசாவுக்கு 2025 செப்டம்பரில் எம்மி விருது கிடைத்தபோது தனக்கே கிடைத்த மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானே பேச்சை எடுத்தேன். "லூயியோட மாத்திரைன்னு சொன்னியே, அதுல என்ன அவ்வளவு?" என்று கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். வருஷக்கணக்கில் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. முதலில் கை நடுங்கும், வியர்க்கும். அப்புறம் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறி இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். அதைத் தடுக்கத்தான் லிப்ரியம். எண்ணிக் கொடுத்த மாத்திரையில் பாதி வேறொருவர் பைக்குள் போனால், வீட்டில் தனியாக நடுங்கிக்கொண்டிருப்பது லூயிதான். "அவருக்கு வலிப்பு வந்தா எல்லாரும் என்ன சொல்லுவாங்க? குடிகாரன், மறுபடி குடிச்சிருப்பான்னு சொல்லுவாங்க. யாருக்கும் சந்தேகமே வராது" என்றாள்.

எனக்கு லூயி நினைவிலேயே இல்லை. ஒரு முழு எபிசோடும் அழுதிருக்கிறேன், அந்த மனுஷன் முகம் ஒரு தடவைகூட மனதில் வரவில்லை.

அக்கா தன் வார்டில் நடப்பதையும் சொன்னாள். இந்த வகை மருந்துகள் பூட்டின பெட்டிக்குள் இருக்கும். ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து நின்று எண்ண வேண்டும். ரெஜிஸ்டரில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆம்ப்யூலில் பாதி மருந்து மிச்சமானால் அதைக் கொட்டுவதற்கும் ஒரு சாட்சி. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வீட்டுக்கு ஓடுகிற நேரத்தில் இந்த எண்ணிக்கை எரிச்சலாக இருக்காதா என்று கேட்டேன். "இருக்கும். ஆனா எண்ணலைன்னா ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துச் சந்தேகப்பட்டுட்டு இருக்கணும்" என்றாள். அவளுக்குத் திருடுகிறவன் மேல் வெறுப்பு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இது ஒரு நோய், லாங்டனுக்குச் சிகிச்சை கொடுத்தே ஆக வேண்டும், அவன் வேலைக்குத் திரும்பி வரட்டும் என்றுதான் அவளும் சொன்னாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அதற்கு சாண்டோஸ் ஏன் குற்றவாளி ஆக வேண்டும்?

கைதட்டிய இடம், கோபப்பட்ட இடம்

இதை யோசிக்க யோசிக்க இன்னொன்று உறைத்தது. அதே சீசனில் ஒரு குடும்பம் வருகிறது. தன் மகளிடம் கணவர் தப்பாக நடந்துகொள்கிறாரோ என்று மனைவிக்குச் சந்தேகம். மகள் அப்படி எதுவும் இல்லை என்கிறாள். சாண்டோஸ், தொண்டையில் குழாய் வைத்து வாய் பேச முடியாமல் கிடக்கும் அந்த ஆளிடம் தனியாகப் போய் மிரட்டுகிறாள். அவளிடம் ஆதாரம் எதுவும் இல்லை. அவள் ஒரு டாக்டர், அவர் அவளிடம் நோயாளி. எந்த மருத்துவமனையிலும் இதற்காக வேலை போகலாம். அந்தக் காட்சியில் நான் கைதட்டினேன். சாண்டோஸை எனக்குப் பிடித்த ஒரே காட்சி ரொம்ப நாள் அதுதான்.

ஆதாரம் இல்லாமல் அவள் செய்ததற்குக் கைதட்டினேன். கையில் ஆதாரத்தோடு, ஒழுங்காக மேலே இருப்பவரிடம் போய்ச் சொன்னதற்குக் கோபப்பட்டேன். எனக்கு அந்த அப்பாவைப் பிடிக்கவில்லை, லாங்டனைப் பிடித்திருந்தது. வித்தியாசம் இதற்கு மேல் ஒன்றுமில்லை. நியாயம் பேசுகிறேன் என்றுதான் இரண்டு இடத்திலும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆளைக் காட்டிக்கொடுப்பது யாருக்கும் பிடிக்காது, அதனால்தான் இந்தக் கோபம் என்று தோழி ஒருத்தி சொன்னாள். எனக்கு அது ஒப்பவில்லை. 'ஈ.ஆர்.' பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். 1994 முதல் 2009 வரை ஓடிய அந்த மருத்துவமனைத் தொடரில் நோவா வைல் என்கிற நடிகர்தான் டாக்டர் கார்ட்டர். 2000 பிப்ரவரியில் வந்த எபிசோடில் ஒரு நோயாளி கார்ட்டரையும் மருத்துவ மாணவி லூசி நைட்டையும் கத்தியால் குத்துகிறான். லூசி இறந்துபோகிறாள். பிழைத்த கார்ட்டர் வலிமருந்துக்கு அடிமையாகிறான். அதே வருஷம் மே மாதம், மிச்சமான ஃபென்டனில் வலிமருந்தை அவன் தனக்கே போட்டுக்கொள்வதை ஒருத்தி பார்த்துவிட்டுச் சொல்லிவிடுகிறாள். அவள் ஆபி, அப்போது வெறும் மருத்துவ மாணவி. புதிதாக வந்தவள், பெண், எல்லோருக்கும் பிடித்த டாக்டரைப் பற்றிச் சொன்னவள். சாண்டோஸ் செய்தது அப்படியே இதுதான். ஆபி மேல் நான் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. அவள் தயங்கினாள், கண் கலங்கினாள், குரல் தணிந்து பேசினாள். கார்ட்டர் குத்துப்பட்டதையும் நாம் கண்ணால் பார்த்திருந்தோம், அவன் வலி நமக்குத் தெரியும். அன்று மாட்டிக்கொண்ட கார்ட்டராக நடித்த அதே நோவா வைல்தான் இன்று ராபியாக லாக்கரைத் திறக்கச் சொல்கிறார் என்பது இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஒரே நடிகர், இருபத்தைந்து வருஷ இடைவெளியில், அந்த மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிட்டார்.

ஆக, காட்டிக்கொடுப்பது நமக்கு ஒரு பிரச்சினை இல்லை. கெட்ட செய்தியைக் கொண்டுவருகிறவள் நமக்குப் பிடித்த மாதிரி கொண்டுவர வேண்டும், அதுதான் நம் நிபந்தனை.

இரண்டு பில்கள்

பல வருஷம் முன்னால் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். எங்களுக்கு மேல் ஒரு சார் இருந்தார். என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி முழுக்க வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்தவர். யாருக்குப் பணமுடை என்றாலும் கேட்காமலே கொடுப்பார். அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை பொய்யான மரியாதை இல்லை, இன்றைக்கும் அதை அப்படிச் சொல்ல மாட்டேன்.

எங்கள் பிரிவில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். மத்தியானம் தனியாகச் சாப்பிடுவாள். யாராவது தப்பாக ஒரு எண்ணைச் சொன்னால் நாலு பேர் முன்னாலேயே திருத்துவாள். ஒருநாள் சாயங்காலம் இரண்டு பில்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். ஒரே தேதி, ஒரே தொகை. ஒன்றில் மட்டும் பில் நம்பருக்குப் பின்னால் சின்னதாக ஒரு 'ஏ'. இரண்டுக்கும் பணம் போயிருக்கிறது. தப்பாக அடித்திருப்பார்கள் என்றேன். அவள் பேசாமல் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தாள். வெளிச்சத்தில் இரண்டும் ஒரே தாள் மாதிரி தெரிந்தது. கோடுகள், எழுத்துகள், சாரின் கையெழுத்து எல்லாம். கையெழுத்தின் கடைசி வால் சுழிகூட மயிரிழை விலகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. எந்த மனுஷனும் இரண்டு தடவை அப்படிக் கையெழுத்துப் போட முடியாது.

எனக்குப் புரிந்தது. புரிந்த அந்த நொடியிலேயே அவள் மேல் எரிச்சலும் வந்தது. "சார் எத்தனை வருஷமா இங்க இருக்கார்னு தெரியுமா? நீ வந்து மூணு மாசம் ஆகல" என்றேன். அவள் தாள்களைக் கீழே இறக்கினாள். "மேடம், நான் சாரைப் பத்தி எதுவும் சொல்லல. பில்லைப் பத்திதான் சொல்றேன்" என்றாள்.

முதல்ல பேசுற விதத்தைக் கத்துக்கோ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களிடமும் சொன்னேன், இந்தப் பெண் கொஞ்சம் அதிகமாகத்தான் போகிறாள் என்று. அதற்கப்புறம் அவளோடு யாரும் சரியாகப் பேசவில்லை. இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டாள். அடுத்த வருஷம் தணிக்கையில் எல்லாம் வெளியே வந்தது. 'ஏ' போட்ட பில்கள் நிறைய இருந்தன. சார் சத்தமில்லாமல் போனார். வீட்டில் ஏதோ கடன் தொல்லை என்று பேசிக்கொண்டார்கள். எல்லோரும் அவருக்காக வருத்தப்பட்டோம், சிலர் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்தப் பெண்ணின் பெயரை ஒருவர்கூட எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அவள் சொன்னாளே என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, நான் சொல்லியிருக்கலாம். ஜன்னலில் அந்தத் தாள்களைப் பார்த்த ஆள் அவளைத் தவிர நான் ஒருத்திதான்.

லாக்கர் காட்சி முடிந்ததும் சாண்டோஸ் மேல் வந்த கோபம் எனக்கு ஏன் அவ்வளவு பழகினதாக இருந்தது என்று இப்போது தெரிகிறது.

சீசனின் கடைசியில் சாண்டோஸ் மேல் பலருக்கும் மனம் இளகியது. தற்கொலைக்கு முயன்ற ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து, தான் இழந்த தோழியைப் பற்றிப் பேசுகிறாள். தங்க இடமில்லாமல் மருத்துவமனையின் காலி அறையில் ஒளிந்து வாழும் விட்டேகரைக் கண்டுபிடித்து, தன் வீட்டில் வந்து இருக்கச் சொல்கிறாள். அப்போதும் அவனை ஹக்கிள்பெரி என்றுதான் கூப்பிடுகிறாள். நல்ல காட்சிகள், எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் தோழிகள் "பரவாயில்ல, இவ நல்லவதான்" என்று சொன்னபோது எனக்கு என்னவோ போல இருந்தது. விட்டேகருக்கு அவள் ஒரு அறை கொடுக்காமல் போயிருந்தால்? கடைசிவரை அதே சிடுமூஞ்சியாகவே வீட்டுக்குப் போயிருந்தால்? லூயியின் மாத்திரைகள் அப்போதும் லூயியினுடையவைதானே. தொடரை எழுதியவர்கள் மேல் எனக்கு ஒரு பெரிய மரியாதை உண்டு, அவள் உண்மையைச் சொல்கிற நேரம் வரைக்கும் அவளை இனிமையாக்கிக் காட்டவில்லை என்பதற்காக. அந்தப் பத்தாவது எபிசோடில் அவளை நம்புவதற்கு நமக்கு அவள் மேல் பிரியம் இல்லை. மூடியும் மாத்திரையும்தான் இருந்தன. அவை போதும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது சீசன் 2026 ஜனவரியில் வந்தது. பத்து மாதம் கழித்து, ஜூலை 4 அன்று நடக்கிற ஷிஃப்ட். சிகிச்சை முடித்து லாங்டன் வேலைக்குத் திரும்பி வருகிற நாளும் அதுதான். அக்காவும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு மறுபடி சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மாற்ற முடியவில்லை. "வந்துட்டான்" என்றேன். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரி, வரட்டும்" என்றாள். "அவ எங்க? அவளுக்கு இன்னிக்கு எப்படி இருக்கும்?"